அக்காவின் கையெழுத்து

2009 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. அப்பாவை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அக்காவையும் அங்கே வரச் சொல்லியிருந்தேன். பத்திர எழுத்தர், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருந்தார். அக்கா ஓசூரிலிருந்து காலைப் பேருந்தில் நேராக அங்கேயே வந்து இறங்கினாள். "எங்கே போடணும் தம்பி?" என்று கேட்டாள். நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டாள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் வாசிக்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பேருந்து ஏற்றிவிட்டு வந்தோம். அன்றிரவு குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, எந்தச் சண்டையும் இல்லாமல் முடித்துக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று ஜெபித்தது நான்தான்.

பிள்ளைகளுக்கு நாம் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. எனக்கு இப்போது 60 வயதைத் தாண்டிவிட்டது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அந்தக் கையெழுத்துதான் முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

நிலம் பெரிதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற பக்கம் 3 ஏக்கர் 60 சென்ட். தாத்தா 1952-ல் வாங்கிய பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருக்கும். 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானது. அப்பா பத்திரப்படுத்திய ரசீதுகளில் 'தருமபுரி மாவட்டம்'. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. நாங்கள் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரத்தில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. நிலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்று தலைமுறை, மூன்று மாவட்டப் பெயர். ஆனால் எந்தத் தாளிலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததில்லை, அந்த விடுதலைப் பத்திரம் வரும்வரை. அதிலும் 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று சொல்வதற்காகத்தான் அம்மா பெயரும் அக்கா பெயரும் வந்தன.

தாத்தா காலத்தில் அது ராகியும் கொள்ளும் விளைந்த மானாவாரிக் காடு. 1974-ல் அப்பா கிணறு வெட்டி, சந்தூர்ப் பக்கமிருந்து மா ஒட்டுக்கன்றுகள் கொண்டுவந்து வைத்தார். பெரும்பாலும் பெங்களூரா, வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள். கூழ் ஆலைக்குப் போகிற காய் அது. கிணற்றோரம் நான்கு மரம் மட்டும் மல்கோவா, வீட்டுக்கு என்று. முதல் இரண்டு கோடையில் அந்தக் கன்றுகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் அக்கா. அவளுக்கு 16 வயது, பத்தாவதோடு படிப்பை நிறுத்தியாயிற்று. எனக்கு 12, தம்பிக்கு 8. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனோம். இன்றைக்குத் தோட்டத்தில் நிற்கிற ஒவ்வொரு பெரிய மரமும் அவள் இடுப்பில் இருந்த குடத்துத் தண்ணீரைக் குடித்துத்தான் பிழைத்தது. இது எனக்கு 2009-லும் தெரியும்.

அப்பா உயில் எழுதவில்லை. எழுதச் சொல்லிப் போதகர் ஐயா ஒருமுறை எடுத்துச் சொன்னபோது, "என் பிள்ளைங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க ஐயா" என்றார். உயில் எழுதுவது பிள்ளைகளைச் சந்தேகப்படுவது என்று அவர் நினைத்தார். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உயில் என்ற வார்த்தையை வீட்டில் எடுத்தாலே சாவை அழைப்பதுபோல முகம் மாறும்.

உயில் இல்லாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் கிடையாது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற பேதம் அதில் இல்லை. கட்டிக்கொடுத்த பெண், கட்டிக்கொடுக்காத பெண் என்ற பேதமும் இல்லை. எங்கள் கணக்கில் 360 சென்டில் அம்மாவுக்கு 120 சென்ட். நாங்கள் மூன்று பிள்ளைகள், ஆளுக்கு 80 சென்ட். இந்துக் குடும்பங்களில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்தது. அதற்குப் பல காலம் முன்பே எங்கள் அக்காமார், தங்கைமாருக்குச் சட்டம் அதைக் கொடுத்துவிட்டது. கேரளத்தில் திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்று வைத்திருந்தது. மேரி ராய் என்ற ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை போய், 1986-ல் அதை மாற்றினார். இங்கே எங்களுக்கு வழக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. சட்டம் தெளிவாக இருந்தது. அதனால்தான் அக்காவிடம் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பங்கே இல்லையென்றால் எதற்குக் கையெழுத்து? அந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

"கல்யாணத்துக்குச் செய்தாயிற்று" என்று சொல்லிக்கொண்டோம். ஏழு பவுனும் ஒரு பீரோவும்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம், ஒப்படைத்ததற்கு எஜமான் கணக்குக் கேட்கும் தாலந்து உவமை தெரியும், ஆனால் பங்கு என்று வரும்போது ஊர் வழக்கம்தான் எங்கள் வேதம். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், எங்கள் சபையில் இதை யாரும் தவறாகப் பார்க்கவில்லை. மாறாக, "உங்க அக்கா தங்கமானவங்க" என்றார்கள்.

அடுத்த வருடம் மே மாதம் அக்கா வந்தாள். அதுவரை ஒவ்வொரு மாங்காய்ப் பருவத்திலும் வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றோரம் போய்விடுவாள். கையில் கோணிப்பை இருக்கும். அவளே பறித்து, வைக்கோல் போட்டு அடுக்கி, ஓசூருக்கு எடுத்துப் போவாள். அந்த வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நான் ஆள் வைத்துப் பறிக்கச் சொல்லி ஒரு பை கொண்டுவந்து வைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து, "மல்கோவா கிலோ என்ன விலைக்குப் போகுது தம்பி?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. இனிமேல் இது இன்னொருவர் தோட்டம், காசு கொடுக்காமல் எடுக்கக் கூடாது என்று அவள் உண்மையாகவே நினைத்திருந்தாள். நான் பணம் வாங்கவில்லை. ஆனால் அவள் கேட்டதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

2017-ல் தம்பி போய்விட்டான். நெஞ்சு வலி என்று சொன்ன அன்றே. 51 வயது. அவனும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அம்மா அவனோடுதான் இருந்தாள். தன் 120 சென்டையும் 2009-லேயே எங்கள் இருவர் பெயருக்கும் விட்டுக்கொடுத்திருந்தாள். அப்போதுதான் அந்தச் சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். கிறிஸ்தவ ஆண் ஒருவர் உயில் இல்லாமல், மனைவியும் பிள்ளைகளும் இருக்க இறந்தால், எல்லாம் அவர்களுக்குத்தான். பெற்ற தாய்க்கு ஒரு சென்டும் இல்லை. இந்துச் சட்டத்தில் தாயும் முதல் வரிசை வாரிசு. நமக்கு அப்படி இல்லை.

தம்பி மனைவியைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு பெரிது. ஆனால் அம்மா 80 வயதில், தான் 43 வருடம் சாணம் தெளித்த வாசலில், தனக்கென்று எதுவும் இல்லாமல் நின்றாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, "எம்பேத்திக்கு நான் ஒரு கிராமாவது போடணும்டா" என்று என்னிடம் வந்து கேட்டாள். போட்டோம். என் பணத்தில்தான். அவள் வாங்கிப் போய்ப் போட்டாள். தன் நிலத்தின் விளைச்சலில் தன் கையால் போட்டிருக்க வேண்டியதை, மகனிடம் கேட்டு வாங்கிப் போட்டாள். 2021-ல் அம்மாவும் போய்விட்டாள்.

சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோது இயேசு செய்த ஒரு காரியத்தைப் புனித வெள்ளியின் மும்மணி ஆராதனையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தாயைக் காட்டிச் சீஷனிடம் ஒப்படைத்தார். அந்த நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் எழுதுகிறார். உலகத்தின் பாவம் முழுவதையும் சுமந்த அந்த நேரத்திலும் தாய் எங்கே தங்குவாள் என்ற யோசனை அவருக்கு இருந்தது. அம்மா இறந்த பிறகு அந்தப் பகுதியை என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை.

எங்கள் குடும்பம் லுத்தரன் சபை. அமெரிக்க லுத்தரன் சபையின் மிசூரி மிஷனைச் சேர்ந்த தியடோர் நேதர் 1895-ல் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கினார். ஒன்பது வருடம்தான். 1904-ல் பிளேக் நோயில் இங்கேயே இறந்துபோனார். அந்த ஊழியத்தின் பலனாகத்தான் என் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் பெற்றார் என்று வீட்டில் சொல்வார்கள். லுத்தரன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவர் அதை எழுதினார். எங்களுக்கு அப்பா சனிக்கிழமை இரவுகளில் சொல்லிக்கொடுத்தார். பத்துக் கற்பனைகளில், அதாவது பத்துக் கட்டளைகளில், ஒவ்வொன்றுக்கும் பிறகு 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று வரும். தப்பில்லாமல் சொன்னால் ஒரு துண்டு வெல்லம்.

2024-ல் என் பேத்தி, சபை முன்னால் விசுவாசத்தை அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம், "தாத்தா, ஒன்பதாம் கற்பனை ஒப்பிக்கறேன், கேளுங்க" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். எங்கள் கணக்கில் ஒன்பதாவது, பிறனுடைய வீட்டை இச்சியாதிருப்பாயாக. அதற்கு லூத்தர் சொல்லும் அர்த்தம், என் வார்த்தையில் சொன்னால், இதுதான்: பிறனுடைய சுதந்தரத்தையோ, அதாவது உரிமைச் சொத்தையோ, வீட்டையோ தந்திரமாய்த் தேடக் கூடாது, நியாயம்போலக் காட்டி அதை நம்முடையதாக்கிக்கொள்ளவும் கூடாது, அவன் அதைக் காத்துக்கொள்ள உதவி செய்ய வேண்டும்.

நியாயம்போலக் காட்டி. முத்திரைத்தாளில், இரண்டு சாட்சியோடு, பதிவு எண்ணோடு. பத்து வயதில் வெல்லத்துக்காக மனப்பாடம் செய்த வரி அது.

பேத்தி ஒப்பித்துவிட்டு, "சரியா தாத்தா?" என்றாள். சரி என்றேன். சமையல்கட்டு வாசலில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் சொன்னாள்: "செலொப்பியாத்தோட பொண்ணுங்க அஞ்சு பேரும் மோசே முன்னாடி போய் நின்னு, எங்க அப்பா பங்கைக் கொடுங்கன்னு கேட்டாங்க. உங்க அக்கா போய் நிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்." எண்ணாகமம் 27-ஆம் அதிகாரம். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே மோசேயிடம் சொன்னார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெயரையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. யோபுவும் தன் மகள்களுக்கு அவர்கள் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று அவன் கதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த 'சுதந்தரம்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுதந்திரம் என்றால் விடுதலை. வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் தகப்பன் வழி வருகிற உரிமைச் சொத்து. சின்ன வயதில் எனக்கு இரண்டும் குழம்பும். 'நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான்' என்ற நீதிமொழியை ஆகஸ்ட் 15-ஓடு சேர்த்து யோசித்திருக்கிறேன். இப்போது அந்தக் குழப்பம் தவறில்லை என்று படுகிறது. தனக்கென்று 80 சென்ட் இருந்திருந்தால் அக்கா அந்தத் திண்ணையில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள். அம்மா என்னிடம் ஒரு கிராமுக்குக் கேட்டு நின்றிருக்க மாட்டாள்.

இன்னொரு வசனத்தை நான் பல காலம் தவறாகவே பயன்படுத்தி வந்தேன். லூக்கா 12-ல் ஒருவன் வந்து, என் சகோதரன் சுதந்தரத்தை என்னோடு பங்கிடும்படி சொல்லும் என்று இயேசுவிடம் கேட்கிறான். அவர் அதற்கு இணங்காமல், பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறார். அதனால் பங்கு கேட்பதே பொருளாசை, விசுவாசிகள் சொத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்து வரும் உவமையைப் பாருங்கள். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவனைத்தான் 'மதிகேடனே' என்கிறார். அந்த எச்சரிக்கை, கையில் வைத்துக்கொண்டிருக்கிற எனக்கும் சேர்த்துத்தான் என்று படிக்க எனக்கு 15 வருடம் ஆயிற்று.

லூத்தரே உயில் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1542 ஜனவரியில் எழுதினார். அந்நாளைய சாக்சனிச் சட்டம் விதவைக்கு அதிகம் கொடுக்கவில்லை. அவரோ எல்லாவற்றையும் மனைவி கத்தரீனா பெயருக்கு எழுதினார். அதற்கு அவர் சொன்ன காரணம் என் நெஞ்சில் தைத்தது: அவள் பிள்ளைகளின் கையைப் பார்த்து நிற்கக் கூடாது, பிள்ளைகள்தான் அவள் கையைப் பார்க்க வேண்டும். ஆனால் சட்டப்படியான முறையில் அவர் எழுதவில்லை. வானத்திலும் பூமியிலும் நரகத்திலும் என்னை அறிவார்கள், எனக்கு நோட்டரி வேண்டாம் என்கிற தோரணையில் எழுதிவிட்டார். 1546-ல் அவர் இறந்ததும் அந்த உயில் செல்லுமா என்ற கேள்வி வந்தது. சாக்சனியை ஆண்ட இளவரசர் ஜான் பிரெடரிக் தலையிட்டு உறுதி செய்ததால்தான் செல்லுபடியாயிற்று. ஆனால் அந்த வருடமே போர் வந்து, கத்தரீனா நிலபுலனெல்லாம் பாழாகி அலைந்து, 1552-ல் டோர்காவ் நகரில் இறந்தார். அன்பு இருந்தது, எழுத்தும் இருந்தது, முறை மட்டும் இல்லை. நம் வீடுகளில் அன்பு மட்டும்தான் இருக்கிறது. காப்பாற்றி உறுதி செய்ய நமக்கு எந்த இளவரசரும் வரப்போவதில்லை.

ஆகவே நானும் என் மனைவியும் உயில் எழுதினோம். ஆளுக்கு ஒன்று. அது அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மருமகள் படித்த பெண், பக்கத்திலேயே இருந்தாள், அவளையே ஒரு சாட்சியாகப் போடலாம் என்றிருந்தேன். வக்கீல் தடுத்துவிட்டார். கிறிஸ்தவர் உயிலில் சாட்சி போடுகிறவருக்கோ, அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ எழுதி வைத்த பங்கு செல்லாமல் போய்விடும். உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் விழுந்துவிடும். மருமகள் சாட்சி போட்டிருந்தால் என் மகனுக்கு எழுதியது போயிருக்கும். கூட வேலை பார்த்த நண்பர்கள் இருவர் வந்து போட்டார்கள். இருவரும் என்னைவிட வயதில் சின்னவர்கள்; அதுவும் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

பதிவு செய்வது கட்டாயமில்லை. நான் செய்தேன், பிறகு பேச்சு வரக் கூடாது என்பதற்காக. உயிலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி உண்டு. உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால் உயில் எழுதிய கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்யாணம் ஆனதும் அந்த உயில் தானாகவே ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும். இன்னொன்று, தான செட்டில்மென்ட் உயில் மாதிரி கிடையாது. எழுதிக் கொடுத்த அன்றே சொத்து கைமாறிவிடும். வயதானவர்கள் பாசத்தில் வீட்டையும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதத்தான் வேண்டுமென்றால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அப்போது கைகொடுக்கும்.

என் உயிலில் வீடு முழுக்க மனைவிக்கு. என் மகனோ மகளோ, அவள் இருக்கும் வரை அவள் கையைப் பார்க்கட்டும். தோட்டத்தில் எனக்கென்று மிஞ்சுவது இருவருக்கும் சரிபாதி.

சபைக்கு எழுதுவதைப் பற்றியும் யோசித்தேன். முன்பெல்லாம் கிறிஸ்தவர்கள் தர்ம காரியத்துக்கு உயில் எழுதுவதில் ஒரு தடை இருந்தது. நெருங்கிய உறவினர் இருந்தால், சாவதற்குக் குறைந்தது 12 மாதம் முன்னால் எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் விதி. 2003-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. இப்போது தாராளமாக எழுதலாம். எழுத வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆலயத்தின் கூரையும் பிள்ளைகளின் விடுதியும் யாரோ எழுதி வைத்ததில்தான் நிற்கின்றன. ஆனால் தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எப்படிக் கண்டித்தார் என்பது மாற்கு 7-ல் இருக்கிறது. அக்காவின் 80 சென்டை வைத்துக்கொண்டு ஆலயத்துக்கு நான் ஒரு மணி வாங்கிக் கொடுத்தால் அந்த மணி என்ன சத்தம் போடும்?

அதனால் முதலில் அதைச் செய்தோம். நியாயமாகப் பார்த்தால் 40 சென்ட் என் பாதியிலிருந்தும் 40 சென்ட் தம்பியின் பாதியிலிருந்தும் போக வேண்டும். தம்பி பிள்ளைகளில் சின்னவன் இன்னும் மைனர், அவன் பங்கில் கைவைக்க நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். தவிர, கையெழுத்து வாங்கியவன் நான். என் 180 சென்டிலிருந்தே 80 சென்டையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். மகனிடமும் மகளிடமும் உட்கார்ந்து சொன்னேன், 2009 ஆகஸ்டிலிருந்து எல்லாவற்றையும். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல?" என்றான்.

அது சரியான கேள்வி. பிள்ளைகளுக்கு விட்டுப்போவது என்றால் நிலம், நகை, அதன்மேல் விசுவாசம் என்று சொல்வோம். விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் சொல்வோம். ஆனால் வேதம் குடும்பக் கதைகளை எப்படிச் சொல்கிறது? ஆபிரகாம் மனைவியைச் சகோதரி என்று சொல்லித் தப்பித்ததை மறைக்கவில்லை. ஈசாக்கு ஒரு பிள்ளைமேல் மட்டும் வைத்த பிரியம் வீட்டை இரண்டாக்கியதையும், அந்த வேதனையை அனுபவித்த யாக்கோபே பிறகு யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து கொடுத்து அதையே திரும்பச் செய்ததையும் மறைக்கவில்லை. தாவீதின் பாவம் அவன் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் அதைத் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். நாமோ பேரப்பிள்ளைகளிடம் நம்மைப் பற்றி நல்லதை மட்டும் சொல்கிறோம். அவர்கள் எங்கே இடறுவார்கள் என்று காட்டுகிற அடையாளம் எதையும் வைப்பதில்லை.

அப்பாவின் பெரிய வேதாகமத்தில் முன்பக்கம் வெற்றுத்தாள்கள் உண்டு. குடும்பத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் அதில் அப்பா கையெழுத்தில் இருக்கிறது. பத்திரம் எழுதுவதற்கு முன் தேதிகள் பார்க்க அதைத் திறந்தேன். 1958-ல், நீல மையில்: 'இன்று கர்த்தர் எங்களுக்கு முதற்பேறாக ஒரு குமாரத்தியைத் தந்தார்.' முதற்பேறு. உபாகமச் சட்டப்படி முதற்பேறான குமாரனுக்கு இரண்டு பங்கு. அப்பா உயில் எழுதவில்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தின் கீழே இடம் இருந்தது. 2009-ல் நான் செய்ததையும் இப்போது செய்வதையும் தேதியோடு நான்கு வரியில் எழுதினேன்.

அக்காவிடம் சொல்ல ஓசூர் போனோம். கேட்டுவிட்டு, "எனக்கெதுக்குப்பா இந்த வயசுல" என்றாள். மாமாவும் வேண்டாம் என்றார். மூன்று முறை போனோம். மூன்றாவது முறை, பத்திரத்தின் நகலை அவள் கையில் கொடுத்து, "இந்த முறை நீ வாசி அக்கா" என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தாள். நான்கு எல்லைகளையும் வாசித்தாள். வடக்கே கிணறு என்ற இடத்தில் விரல் நின்றது. "மல்கோவா இந்தப் பக்கம் வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். எதுவும் பேசாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

போன பிப்ரவரியில் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். மரங்கள் பூத்திருந்தன. அக்கா, மாமா, அவள் மகள், ஐந்து வயதுப் பேரன் எல்லோரும் வந்திருந்தார்கள். தம்பி மனைவி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். நான்காவது கல் கிணற்று மேட்டில். மண்ணைத் தள்ளி மிதித்து முடித்ததும், அக்கா பேரன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"இது என்ன கல்லு?" என்று கேட்டான்.

யோர்தானைக் கடந்தபின் கில்காலில் 12 கற்களை நாட்டி, உங்கள் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏதென்று கேட்டால் சொல்லுங்கள் என்று யோசுவா சொன்னது எனக்கு நினைவு வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லு தம்பி" என்றாள்.

அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் பாட்டி குடத்தில் தண்ணீர் சுமந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.